கொலைகாரன் யார்? கூடி உட்கார்ந்து கண்டுபிடிப்போம்!

"டாக்டர் தம்பி, கொலை பண்ணினது யாருன்னு தெரியாம ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை!"

எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? போலீஸுக்குப் போன் போடுவதா, நாடி பிடிப்பதா?

சொன்னவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 71. எங்கள் பாளையங்கோட்டையில் ஒரு தலைமுறைக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். கணவர் காலமாகி மூன்று வருஷம். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். பெரிய வீட்டில் தன்னந்தனியாக இருக்கிறார். தூக்கம் இல்லை, பசி இல்லை, காலையில் எழுந்தால் தலைபாரம் என்று வந்தார். துருவி விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. தினமும் படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு மர்ம நாவல்! பாதியில் மூட மனசு வராது. மணி ஒன்று, ஒன்றரை ஆகிவிடும்.

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

"டீச்சரம்மா, அந்தக் கொலைக் கதையை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போடுங்க. தூக்கம் தானா வரும்" என்றேன். அமுக்கரா சூரணம் கொடுத்தேன். வாரம் ரெண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். முகம் இன்னும் வாடியிருந்தது. எடையும் குறைந்திருந்தது.

"நீங்க சொன்னபடி புஸ்தகத்தை நிறுத்திட்டேன் தம்பி. தூக்கம்தான் வந்தபாடில்லை. முன்னே முழிச்சிருந்தா கூட விவேக் இருந்தான், ரூபலா இருந்தா. கணேஷும் வசந்தும் இருந்தாங்க. இப்போ முழிச்சிருந்தா சுவர்க் கடிகாரம்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நோய் எது, மருந்து எது என்று தெரியாமல் மருந்தைப் போய் நிறுத்தியிருக்கிறேன்! அந்த அம்மாளின் நோய் மர்ம நாவல் அல்ல, தனிமை. அதற்கு அவராகவே கண்டுபிடித்துக்கொண்ட மருந்துதான் அந்த நாவல். சாப்பிடும் நேரம் மட்டும்தான் தப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த உபதேசத்தைச் செய்ய எனக்குத் துளியும் யோக்கியதை கிடையாது. இங்கேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், குணபாடம் புத்தகத்துக்குள்ளே பாக்கெட் நாவலை வைத்துப் படித்தவன் நான். ஹாஸ்டலில் ஒரே ஒரு பிரதி இருபது கை மாறும். கடைசிப் பக்கத்தை எவனாவது கிழித்துவிட்டால் பெரிய ரகளையே நடக்கும்.

"டீச்சரம்மா, நாவலை மறுபடி எடுங்க. ஆனா ராத்திரி வேண்டாம், மத்தியானம் படிங்க. தனியாவும் வேண்டாம், நாம நாலு பேரா சேர்ந்து படிப்போம்" என்றேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் துப்பறியும் வாசகர் வட்டம். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி, என் வைத்தியசாலைத் திண்ணை. மொத்தம் ஒன்பது பேர்.

வைத்தியனும் துப்பறிபவனும்

"வைத்தியருக்கும் கொலைக் கதைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் ஒரு டாக்டர். எடின்பரோவில் அவர் படித்தபோது ஜோசப் பெல் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு ஆசிரியர். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே நடை, கை, பேச்சு, உடை இவற்றைப் பார்த்து அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று பெல் சொல்லிவிடுவாராம். அந்த ஆசிரியரை மனதில் வைத்துத்தான் டாயில் ஹோம்ஸை உருவாக்கினார். முதல் ஹோம்ஸ் கதை 1887ல் வெளியானது.

நம் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்று எட்டையும் பார்த்த பிறகே நோயைச் சொல்ல வேண்டும். சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு போல நீள்கிறதா, மோதிரம் போல வட்டமாகிறதா, முத்து போல நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. இதெல்லாம் தடயம் தேடுவதுதானே? ஒரே தடயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன் நல்ல துப்பறிபவனும் அல்ல, நல்ல வைத்தியனும் அல்ல. டீச்சரம்மா விஷயத்தில் நாடி ஒன்றை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொன்னேனே, அதுதான் நான் செய்த தவறு.

இன்னொருவர், மர்ம நாவல் ராணி அகதா கிறிஸ்டி. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் தம் ஊர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே தெரிந்துகொண்டதை வைத்து எழுதிய முதல் நாவல் 1920ல் வந்தது. அதில் வரும் விஷம் ஸ்ட்ரிக்னின். அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் ஊர்க் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து! அந்தக் கொட்டையை முறைப்படி சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்குக் கல்லூரியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஹாஸ்டலில் அந்த நாவலைப் படித்தபோது பாடமும் கதையும் ஒன்றாக மனதில் ஏறின.

கிறிஸ்டி எழுதிய வேறொரு நாவல் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 1977ல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு ஒன்றரை வயதுக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. குழந்தையைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஒருவர் அப்போது அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். நாவலில் வரும் அறிகுறிகளும் குழந்தையின் அறிகுறிகளும் ஒத்துப்போவதைக் கவனித்தார். முக்கியமாக, முடி கொத்தாக உதிர்ந்தது. டாக்டர்களிடம் சொன்னார். சோதித்தால், அதே விஷம்! வீட்டில் பூச்சிக்கு வைத்திருந்த மருந்து குழந்தையின் உடம்பில் சேர்ந்திருந்தது. உரிய சிகிச்சையில் குழந்தை தேறியது.

நாவலின் பெயரையும் விஷத்தின் பெயரையும் ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? சொன்னால் நீங்கள் படிக்கும்போது சுவாரஸ்யம் போய்விடுமே! எங்கள் வட்டத்தின் முதல் விதியே அதுதான்: முடிச்சை அவிழ்க்காதே!

நல்ல மர்ம நாவல் எங்கே கிடைக்கும்?

ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்திலேயே க்ளிப் போட்டுத் தொங்கும். இன்று அவ்வளவு தாராளமாகக் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் தேடினால் கிடைக்கும்.

பழைய புத்தகக் கடைதான் எங்கள் முதல் சுரங்கம். எடைக்கு வரும் கட்டுகளில் எண்பதுகளின் மாத நாவல்கள் அள்ள அள்ள வரும். அடுத்தது மாவட்ட மைய நூலகம். உறுப்பினர் கட்டணம் மிகச் சொற்பம். நூலகரிடம் கூச்சப்படாமல் "துப்பறியும் நாவல் அலமாரி எது?" என்று கேளுங்கள். மூன்றாவது, நம் உறவினர் வீட்டுப் பரண்! எங்கள் வட்டத்துக்கு ஒரு மாமியார் தம் கல்யாணத்துக்கு முன்பு வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். நடுநடுவே அந்தக் காலத்து சோப்பு விளம்பரங்கள் வேறு. அதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது.

யாரைப் படிக்கலாம்?

தமிழில் துப்பறியும் கதைக்கு வயது நூற்றுக்கு மேல். பண்டித நடேச சாஸ்திரி 1894லேயே தானவன் என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிவிட்டார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908ல் வந்தது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் நம் தாத்தாக்களின் ஹீரோ. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950ல் சினிமாவுக்கே வந்துவிட்டார். பழைய நடை கொஞ்சம் நீளம்தான். வயதானவர்கள் உள்ள வட்டத்தில் உரக்கப் படித்தால் அமர்க்களமாக இருக்கும்.

ரத்தம், கத்தி எல்லாம் பிடிக்காது என்பவர்களுக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. 1940களில் ஆனந்த விகடனில் வந்தது. சாம்பு அசட்டுத்தனமாக ஏதோ செய்யப்போக, அதிர்ஷ்டத்தில் குற்றவாளி மாட்டிக்கொள்வான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி... இவர்களை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோவைக்காரர் ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500க்கும் மேல். எங்கள் வட்டத்தில் அதிகச் சண்டை கிளப்பிய புத்தகம் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் கட்சி பிரிந்து நிற்பது போலவே நாங்களும் நின்றோம். அன்று சுக்குமல்லிக் காப்பி மூன்று தடவை போட வேண்டியதாயிற்று.

சரி, அலமாரியில் ஐம்பது இருக்கிறதே, எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் அனுபவத்தில் மூன்று சோதனைகள்.

முதலாவது, முதல் ஐந்து பக்கம். ஐந்து பக்கத்துக்குள் ஒரு கேள்வி உங்கள் மனதில் முளைக்க வேண்டும். முளைக்கவில்லையா? திரும்ப வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, நியாயம். 1929ல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும், உலகில் இல்லாத விஷத்தைப் புதிதாக உண்டாக்கக் கூடாது, துப்பறிபவரே கொலை செய்யக் கூடாது என்றெல்லாம் சொன்னார். எங்கிருந்தோ கடைசிப் பக்கத்தில் வந்து குதிக்கும் இரட்டைப் பிறவித் தம்பிதான் கொலைகாரன் என்றால் அது ஏமாற்று வேலை. அந்த ஆசிரியரின் அடுத்த புத்தகத்தை யோசித்து வாங்குங்கள்.

மூன்றாவது, காரணம். யார் செய்தது என்பது ஒரு நாள் சுவாரஸ்யம். ஏன் செய்தான் என்பது ஒரு வாரம் மனதில் நிற்கும். படித்து முடித்த பிறகும் பேசுவதற்கு விஷயம் மிச்சம் இருக்கிற நாவல்தான் வட்டத்துக்கு ஏற்றது.

கடைசி அத்தியாயத்துக்குப் பூட்டு!

எங்கள் வட்டம் நடக்கும் விதமே தனி. ஒரு நாவலுக்கு மூன்று, நான்கு பிரதிகள் தேடிப் பிடிப்போம். கொடுப்பதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்து ஸ்டேப்ளர் போட்டுவிடுவேன். ஆளுக்கு ஒரு வாரம். எல்லோரும் மிச்சத்தைப் படித்துவிட்டு வர வேண்டும்.

கூட்டத்தன்று முதல் ஒரு மணி நேரம் விவாதம். யார் மேல் சந்தேகம், என்ன தடயம், எந்தப் பக்கம் என்று அவரவர் கட்சியைச் சொல்லலாம். பிறகு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. குற்றவாளி பெயரை எழுதிக் காலி லேகிய டப்பாவில் போட வேண்டும். அதற்கப்புறம்தான் ஸ்டேப்ளரைப் பிரிப்போம். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கணீரென்று உரக்கப் படிப்பாள். கண்புரை உள்ள ஓர் ஆச்சிக்கு அதனால் பெரிய உபகாரம். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் பரிசு.

இந்த ஸ்டேப்ளர் வைத்தியத்தில் இன்னொரு லாபம். முடிவு பூட்டியிருப்பதால் யாரும் ராத்திரி ஒன்றரை மணி வரை விழித்துக் கிடப்பதில்லை! டீச்சரம்மாவுக்குப் பத்து மணிக்கெல்லாம் தூக்கம் வர ஆரம்பித்தது. பசியும் திரும்பியது. சூரணத்தையும் நான் நிறுத்திவிடவில்லை. எது வேலை செய்தது என்று கேட்டால், இரண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

டீச்சர் அல்லவா? கூட்டத்துக்கு ஒரு நோட்டும் போட்டுவிட்டார். யார் வந்தார், யார் லேட், யார் எந்தப் பெயரை எழுதினார், யாருக்கு இருமல், யார் நெற்றியில் பிளாஸ்திரி, எல்லாம் அதில் இருக்கும். "இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்த நோட்டுதான் ஓர் உயிரைக் காப்பாற்றியது.

சீட்டில் இருந்த தப்பான பெயர்

எங்கள் வட்டத்தின் சாம்பியன் போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி. ஓய்வுபெற்றவர், வயது 74. முதல் பதினொரு கூட்டத்தில் எட்டுத் தடவை குற்றவாளியைச் சரியாகப் பிடித்தவர். "நாப்பது வருஷம் முகவரி சரியில்லாத கடுதாசிக்கு ஆள் கண்டுபிடிச்சவன்டே நான்!" என்று மார்தட்டுவார்.

கார்த்திகை மாதக் கூட்டத்தில் அண்ணாச்சி போட்ட சீட்டைப் பிரித்தால், அதில் எழுதியிருந்த பெயர் அந்த நாவலிலேயே இல்லை! முந்தின மாதம் படித்த நாவலின் சமையல்காரர் பெயர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் மகன் அழைத்துக்கொண்டு வந்தான். "அப்பாவுக்கு ஞாபக மறதி ஜாஸ்தியா இருக்கு, டாக்டர்." வயசாகிறதல்லவா என்று வல்லாரை மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஆமாம், மறுபடியும் ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்பு!

மார்கழிக் கூட்டத்தில் அண்ணாச்சி விவாதத்தின் நடுவே தூங்கி வழிந்தார். சீட்டை வெறுமனே மடித்துப் போட்டார். திண்ணையிலிருந்து இறங்கும்போது இடது காலை லேசாக இழுத்து வைத்தார். "மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டாரு போல" என்றார் ஒருவர்.

டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து, நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இதைப் பாருங்க தம்பி. ஐப்பசிக் கூட்டம். 'போஸ்ட்மாஸ்டர் பத்து நிமிஷம் தாமதம். நெற்றியில் பிளாஸ்திரி. மழையில் கொல்லைப்புறத்துத் துவைகல்லில் வழுக்கிவிட்டதாம். ஒன்றுமில்லை என்கிறார்.' அடுத்த மாசம் தப்பான பேரு. இந்த மாசம் தூக்கம். வயசாகிறது ஒரே மாசத்துலயா வரும்? படிப்படியால்ல வரணும்? இது கணக்கு சரியா வரலையே."

எனக்கு முதுகு சில்லிட்டது. அவர் இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தடயங்கள் எல்லாம் என் கண் முன்னாலேயே கிடந்திருக்கின்றன. நான்தான் பார்க்கவில்லை.

அன்று மாலையே மகனோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. மறுநாளே மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு அதை வடித்து எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கலாம் என்றார் நரம்பியல் அறுவை மருத்துவர்.

வாசகர்கள் இதை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. அப்போது லேசாகத் தலையில் இடித்துக்கொண்டாலும் நாளம் அறுந்து ரத்தம் துளித்துளியாகக் கசியலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று வாரம், சில சமயம் இரண்டு மாதம் கழித்துத்தான் தலைவலி, அதிகத் தூக்கம், குழப்பம், மறதி, நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் என்று தலைகாட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

வயதானவருக்குத் திடீரென்று மறதியோ குழப்பமோ வந்தால், "சமீபத்துல எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஆமாம் என்றாலும், சரியாக நினைவில்லை என்றாலும், உடனே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்குச் சூரணமும் தைலமும் வேலை செய்யாது. மருந்துக்காக என்னைப் போன்ற வைத்தியரிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

அகதா கிறிஸ்டியின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று 1932ல் வந்தது. ஒரு கிராமத்து வீட்டில் சிலர் செவ்வாய்க்கிழமை இரவுகளில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு மர்மத்தைச் சொல்ல, மற்றவர்கள் விடை கண்டுபிடிக்க வேண்டும். வக்கீல், பாதிரியார், ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி என்று பெரிய மனிதர்கள் கோட்டை விட, மூலையில் பின்னல் பின்னிக்கொண்டிருக்கும் கிழவி மிஸ் மார்ப்பிள் விடையைச் சொல்லிவிடுவார். "எங்கள் ஊரில் ஒருத்தன் இப்படித்தான்..." என்று தொடங்குவார். மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து வருவதுதான் அவர் ரகசியம்.

எங்கள் மிஸ் மார்ப்பிள், கணக்கு டீச்சர். மாதாமாதம் அதே முகங்கள், அதே இடம், அதே பழக்கம். அதனால்தான் ஒரு முகத்தில் வந்த மாற்றம் அவருக்குத் தெரிந்தது. தனியாக இருக்கும் முதியவரின் மாற்றத்தை யார் கவனிப்பார்கள், சொல்லுங்கள்? கவனிக்க நாலு கண்கள் வேண்டும். அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். அது பஜனை மடமாக இருக்கலாம், சீட்டுக் கச்சேரியாக இருக்கலாம். எங்களுக்கு மர்ம நாவல்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 50 வயதைத் தாண்டிய 3,635 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புத்தகம் படிக்கிறவர்கள் படிக்காதவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்களாம். புத்தகம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், படிப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லையே!

நீங்களும் ஆரம்பிக்க...

1. ஐந்து பேர் போதும். பத்துக்கு மேல் போனால் பேச்சு பிரிந்துவிடும். வயது கலந்து இருக்கட்டும். பாட்டியும் பேத்தியும் ஒரே கொலைகாரனைத் தேடுவது தனி ஆனந்தம்.

2. தேதி, நேரம் மாறக் கூடாது. ஒருவர் வராவிட்டால் அன்றே போன் செய்து விசாரியுங்கள். இதுதான் மிக முக்கியமான விதி.

3. முதல் புத்தகம் சின்னதாக, நூறு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

4. குழந்தைக் கொலை, தற்கொலை, பெண்களைச் சித்திரவதை செய்வது போன்றவை வரும் கதை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்தவர் வட்டத்தில் இருக்கலாம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் புத்தகத்தை மாற்றுங்கள்.

5. தூக்கம் குறைந்தவர்கள் சாயங்காலத்தோடு மர்ம நாவலை மூடிவிட வேண்டும். படுக்கையில் படித்தே ஆக வேண்டுமா? சாம்புவை எடுங்கள்.

6. படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை ஒன்றேகால் அடி தள்ளிப் பிடியுங்கள். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தின் மேல் விழட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்து மரத்தைப் பாருங்கள்.

7. தின்பதற்குச் சுண்டலும் சுக்குமல்லிக் காப்பியும் போதும். எங்கள் ஊர் அல்வாவைக் கண்ணில் காட்டினால் சர்க்கரைக்காரர்கள்தான் கொலையுண்டவர்கள்!

8. ஒரு நோட்டுப் போடுங்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி தை மாதம் வரவில்லை. மாசிக் கூட்டத்துக்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மொட்டைத் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. நாவலைப் படித்திருந்தார். வழக்கம்போல் குரலை உயர்த்தி வாதாடினார். சீட்டை எழுதி லேகிய டப்பாவில் போட்டார்.

பிரித்துப் பார்த்தோம். தப்பு! குற்றவாளி அவர் எழுதிய வக்கீல் அல்ல, டிரைவர்.

ஆனால் அந்த வக்கீல் அதே நாவலில் வருகிற வக்கீல்தான். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் நோட்டில் எழுதினார்: "போஸ்ட்மாஸ்டர் - வக்கீல் - தவறு. மிக்க சந்தோஷம்."

அன்று நன்னாரி சர்பத் பரிசை அவருக்கே கொடுத்துவிட்டோம்.